அரைஞாண் கயிற்றுக்குக் கீழே

1993 மார்கழி. அரையாண்டுப் பரிட்சை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் கணக்கு. ராத்திரி இரண்டு மணி வாக்கில் விழிப்புத் தட்டியது. இடது பக்க விரையை யாரோ பிடித்துத் திருகுவதுபோல வலி. அங்கிருந்து மேலே ஏறி, அடிவயிறு, விலா என்று பரவியது. எழுந்து கொல்லைக்குப் போவதற்குள் வாந்தி.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள்.

"என்னடா செய்யுது?"

"வயிறு வலிக்குதும்மா."

எனக்கு அப்போது 14 வயது. நான் சொன்னது பொய் இல்லை. வயிறும்தான் வலித்தது. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மீதிப் பாதியைச் சொல்ல என் வாயில் ஒரு சொல்லும் இல்லை. இருந்ததெல்லாம் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவரில் எழுதியிருந்த சொற்கள். அவற்றை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அப்பத்தா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். பரிட்சைக்குப் பயந்து நடிக்கிறான் என்று அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு விடியும்வரை கிடந்தேன்.

காலை எட்டரை மணிக்கு அப்பா என்னை டி.வி.எஸ். 50-இல் உட்காரவைத்துப் பக்கத்து ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை நாலு இடத்தில் அமுக்கினார். நான் அரைஞாண் கயிறு கட்டியிருந்தேன், எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லோரும்போல. டாக்டரின் கை அந்தக் கயிறுவரை வந்தது, தாண்டவில்லை. கேஸ் டிரபிள் என்று சொல்லி ஓர் ஊசி போட்டு, வெள்ளை மாத்திரையும் சிவப்பு மாத்திரையும் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்தார். ஊசிக்கு வலி கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தது. அதுதான் கெட்டதாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் பை வீங்கிச் சிவந்துவிட்டது. அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் காலை அகட்டி நடப்பதைப் பார்த்த தாய்மாமா, பேச்சுக் கொடுக்காமல் தோளில் கைபோட்டு மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், "டவுசரக் கழட்டு" என்றார். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய் அப்பாவிடம் ஏதோ சொன்னார். அடுத்த பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினோம்.

அங்கே ஒரு வயதான சர்ஜன், பார்த்த மாத்திரத்தில் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சுச்சு?" சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணினார். 34 மணி நேரம். அப்பாவைப் பார்த்து, "ஒண்ணு எடுக்கணும்" என்றார்.

இடது விரையை எடுத்துவிட்டார்கள். கறுத்துப்போயிருந்ததாம். வலது விரையை நகராமல் பைக்குள் வைத்துத் தைத்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்ட காகிதத்தில் ஆர்க்கிடெக்டமி என்று ஒரு வார்த்தை இருந்திருக்கும். அதை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஊரில் "அப்பெண்டிஸ் ஆபரேஷன்" என்று சொல்லிக்கொண்டோம். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்துக்கு எனக்கு அதிகாரபூர்வமாக அப்பெண்டிக்ஸ் இல்லை.

*

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டில் அந்த உறுப்புக்குப் பேர் இல்லாமல் இல்லை.

எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஜோடி உழவு மாடு நிற்கும். இளங்காளை பழக்குவதற்கு முன்னால் காயடிக்க மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போவார்கள். என் ஆபரேஷன் நடப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் நானும் கூடப் போயிருக்கிறேன். முன்காலத்தில் இரண்டு கழிகளுக்கு நடுவே கொடுத்து நசுக்குவார்களாம். இப்போது பெரிய இடுக்கி மாதிரி ஒரு கருவி. பர்டிஸ்ஸோ என்று பெயர், அதை உருவாக்கிய இத்தாலியக் கால்நடை மருத்துவரின் பெயர். தோலைக் கிழிக்காமல், ரத்தம் வராமல், உள்ளே ஓடும் வடத்தை மட்டும் நசுக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை, மறு பக்கத்துக்கு இன்னொரு தடவை. ரத்த ஓட்டம் நின்றுபோவதால் காய் சில வாரங்களில் சுருங்கிப் போய்விடும்.

அன்றைக்கு அப்பா டாக்டரிடம் சத்தமாகக் கேட்டார். "ரெண்டு காயும் சரியா விழுந்துருச்சா சார்? போன தடவ ஒண்ணு தப்பிருச்சு." பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள், ஒரு பெண் பால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை. காய் என்ற சொல் வெண்டைக்காய் மாதிரி சாதாரணமாக வந்து போனது.

எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுவேதான். கருவி மட்டும் இல்லை. வடம் தானாகவே முறுக்கிக்கொண்டது.

அந்த வடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரைகள் பிறந்த இடம் அவை இப்போது இருக்கும் இடம் இல்லை. கருவில் அவை சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், முதுகுப்புறமாக உருவாகி, மெல்ல இறங்கி, பிரசவத்துக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு முன்னால் பைக்கு வந்து சேர்கின்றன. வரும்போது தங்கள் ரத்தக்குழாயையும் நரம்பையும் கையோடு இழுத்துக்கொண்டு வருகின்றன. அந்தக் கட்டுதான் வடம். அதனால்தான் விரைக்கு ரத்தம் கொடுக்கும் தமனி, தொடையிலிருந்தோ இடுப்பிலிருந்தோ வராமல், அவ்வளவு மேலே, வயிற்றுக்குள் ஓடும் மகாதமனியிலிருந்து கிளம்பி நெடும்பயணம் வருகிறது. நரம்பின் கதையும் அதேதான். பட்டணத்துக்குக் குடிபோனவரின் ரேஷன் கார்டு மட்டும் சொந்த ஊரிலேயே இருப்பதுபோல, விரையின் வலி இன்னமும் தொப்புள் பக்கத்து முகவரியில்தான் பதிவாகிறது. விரையில் அடிபட்டால் வயிறு பிசைந்து குமட்டுவது இதனால்தான். விரை முறுக்கிக்கொண்ட பையன்களில் பலர் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டு வருவதும் இதனால்தான். நான் அந்த ராத்திரி சொன்ன பாதிக்கு உடற்கூறு நூல் சாட்சி சொல்லும்.

சரி, எல்லோருக்கும் முறுக்கிக்கொள்வதில்லையே? பெரும்பாலானவர்களுக்கு விரை, பையின் பின்சுவரில் ஒட்டி நிலையாக இருக்கும். ஏறக்குறைய நூற்றுக்குப் பன்னிரண்டு ஆண்களுக்கு அந்த ஒட்டு சரியாக அமையாமல், மணிக்குள் நாக்குத் தொங்குவதுபோல விரை சுதந்திரமாகத் தொங்கும். அவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் அது சுழன்றுகொள்கிறது. 25 வயதுக்குட்பட்ட ஆண்களில் நாலாயிரத்தில் ஒருவருக்கு என்ற கணக்கைச் சொல்கிறார்கள். பருவ வயதில் விரை திடீரென்று பெரிதாகி எடை கூடும் காலத்தில் அதிகம். தூக்கத்தில் வருவது உண்டு, குளிர்காலத்தில் கொஞ்சம் கூடுதல். 14 வயது, மார்கழி, ராத்திரி இரண்டு மணி. பாடப்புத்தகத்தில் போடத் தகுந்த நோயாளி நான்.

முறுக்கு விழுந்ததும் முதலில் அடைபடுவது சிரை, பிறகு தமனி. ஆறு மணி நேரத்துக்குள் அறுத்து முறுக்கை எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு விரை பிழைக்கும். பன்னிரண்டு மணி நேரம் ஆனால் பாதிக்குப் பாதி. ஒரு நாள் தாண்டினால் பத்தில் ஒன்று தேறினால் பெரிது. மணி போன்ற அந்த அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால்தான் மறுபக்கத்தையும் தைத்துவிடுகிறார்கள். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரியும். ஆனால் சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பதுதான் சர்ஜன்களின் மரபு. கருவியே இல்லாத ஒரு பரிசோதனையும் இருக்கிறது. தொடையின் உட்புறத்தை விரலால் லேசாக வருடினால் அந்தப் பக்கத்து விரை சட்டென்று மேலே ஏறும். கிரிமாஸ்டர் என்ற தசையின் வேலை அது. கிரேக்க மொழியில் தொங்கவிடுவது என்ற பொருளிலிருந்து வந்த பெயர். முறுக்கு விழுந்த பக்கம் பெரும்பாலும் அசையாது. அந்தப் பக்கத்து ஊர் டாக்டருக்கு இதற்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் அவரைக் குறை சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது பார்த்தால் முழுதாக விடவில்லை போலிருக்கிறது.

*

சொல்லுக்கு வருகிறேன். தமிழில் இந்தப் பகுதிக்குச் சொற்பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விரை, விதை, காய், கொட்டை, பிடுக்கு, அண்டம், பீஜம். பாடநூலில் விந்தகம். விரை என்பது விதை என்பதன் இன்னொரு வடிவம். எங்கள் பக்கம் இத்தனை மரக்கால் விரைப்பாடு என்று நிலத்தையே விதையால் அளந்தார்கள். விரை என்றால் வேகமாகப் போ என்றும் பொருள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போது சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

மேலை மொழிகளும் இதேபோல விளையாடியிருக்கின்றன. ஆர்க்கிடெக்டமியில் உள்ள ஆர்க்கிஸ், கிரேக்க மொழியில் விரை. ஊட்டி மலர்க் கண்காட்சியில் பார்க்கிறோமே ஆர்க்கிட், அதன் பெயரும் இதேதான். அந்தச் செடியின் அடியில் ஜோடியாக இருக்கும் கிழங்குகளைப் பார்த்து வைத்த பெயர். கல்யாண மேடையை ஆர்க்கிட் பூவால் அலங்கரிக்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் ஒரு ரகசியச் சிரிப்பு உண்டு. லத்தீனில் டெஸ்டிஸ் என்றால் சாட்சி என்றும் பொருள்.

பள்ளியில் இந்தப் பாடம் வந்தபோது எங்கள் ஆசிரியர், "இத நீங்களே படிச்சுக்கங்க, அஞ்சு மார்க் படம் கண்டிப்பா வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அந்தப் படத்தை நான் ஐம்பது தடவையாவது வரைந்திருப்பேன். அம்புக்குறி போட்டு எழுதினேன்: விந்தகம், எபிடிடைமிஸ், விந்து நாளம், விந்துப்பை, புராஸ்டேட் சுரப்பி, கௌப்பர் சுரப்பி. ஐந்துக்கு ஐந்து. அந்தப் படத்தில் இருப்பது என் டவுசருக்குள் இருப்பதுதான், அதில் ஒன்றை மதுரையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போது உறைக்கவேயில்லை. பாடப்புத்தகத்து மனிதன் பக்கவாட்டில் பாதியாக அறுக்கப்பட்டு நிற்பதால் அவனுக்கும் ஒன்றுதான் தெரியும். அது ஒரு ஆறுதல்.

உறைத்தது கல்யாணத்துக்கு அப்புறம்.

2007-இல் கல்யாணம். ஒன்றரை வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. என் மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே என்று ஒன்று பாக்கியில்லை. ஒரு வருஷம் கழித்துத்தான் ஒரு லேடி டாக்டர், "உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை. ஆபரேஷன் விஷயம் தெரிந்த என் அம்மாகூடக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். மலடி என்ற சொல் தெருச் சண்டையில் எத்தனை தடவை காதில் விழுந்திருக்கிறது! மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது. அதை ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லி நான் கேட்டது இல்லை. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும் என்பது மருத்துவக் கணக்கு.

லேபில் ஒரு டப்பாவைக் கொடுத்து ஒரு கழிப்பறையைக் காட்டினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஊசிக்கு அழுதுகொண்டிருந்தது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

ரிப்போர்ட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 1.1 கோடி அணுக்கள் என்று வந்தது. ஒலிகோசூஸ்பெர்மியா என்று கீழே டைப் அடித்திருந்தார்கள். கேட்பதற்கு ஏதோ ராஜ வியாதி மாதிரி இருந்தது. பிறகுதான் புரிந்தது, இந்தப் பெயர்கள் ரயில் பெட்டி மாதிரி, கழற்றிப் பார்த்தால் பயம் போய்விடும். ஒலிகோ என்றால் குறைவு. அஸ்தினோ என்றால் பலவீனம், அதாவது நீந்துவதில். டெரட்டோ என்றால் உருவக் கோளாறு, கிரேக்கத்தில் பூதம் என்ற சொல்லிலிருந்து வந்தது. மூன்றையும் ஒரே எஞ்சினில் மாட்டி ஒலிகோஅஸ்தினோடெரட்டோசூஸ்பெர்மியா என்று எழுதுவதும் உண்டு. அணுவே இல்லாவிட்டால் அசூஸ்பெர்மியா. உருவத்தைப் பற்றி ஒரு தகவல் எனக்குப் பெரிய நிம்மதி கொடுத்தது. நூறில் நாலு அணுக்கள் ஒழுங்கான உருவத்தில் இருந்தாலே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி 96-க்குத் தலை பெருத்திருக்கும், வால் இரட்டையாக இருக்கும். மனித இனம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி, "சமீபத்துல காய்ச்சல் ஏதும் வந்துச்சா?" வந்திருந்தது. ஒரு மாதம் முன்னால், பத்து நாள் கொளுத்தியது. "அப்ப மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். ஓர் அணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. அதற்குப் பிறகு எபிடிடைமிஸுக்குள் பயணம். விரையின் முதுகில் ஒட்டியிருக்கும் அந்தக் குழாயைப் பிரித்து நீட்டினால் ஆறு மீட்டர் வரும், ஒரு சேலையின் நீளம். அதை விரல் நீளத்துக்குள் மடித்து வைத்திருக்கிறது உடம்பு. அணு அதற்குள் ஊர்ந்து கடக்கும்போதுதான் நீந்தக் கற்றுக்கொள்கிறது. ஆக இன்றைய ரிப்போர்ட், இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய விரையின் கடிதம். காய்ச்சல் அந்தக் கடிதத்தை நனைத்துவிட்டிருந்தது. விரைக்குச் சூடு ஆகாது. உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் அது வேலை செய்யும். வெளியே பையில் தொங்குவதே அதற்காகத்தான்.

அந்த மூன்று மாதத்தில் நான் கேட்காத கேள்வி இல்லை. ஒன்று போதுமா என்று கேட்டேன். போதும், மிச்சமிருக்கும் ஒன்று பெரும்பாலும் இரண்டு பேர் வேலையையும் ஏற்றுக்கொள்ளும், ஆண் ஹார்மோனுக்கும் குறை வராது என்றார். வெரிகோசீல் இருக்கிறதா என்று நிற்கவைத்து, இருமச் சொல்லிப் பார்த்தார். விரையைச் சுற்றிய சிரைகள் புடைத்து, தொட்டால் பை நிறைய புழு இருப்பதுபோல உணரும் கோளாறு அது. ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு உண்டு, பெரும்பாலும் இடது பக்கம். வலப்பக்கச் சிரை நேராகப் பெருஞ்சிரையில் சேர்கிறது. இடப்பக்கச் சிரையோ மேலே ஏறி இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்ட வேண்டும். வாய்க்கால் வாய்க்காலோடு செங்குத்தாகச் சேர்ந்தால் தண்ணீர் எதிர்க்கும் என்று எந்த விவசாயியும் சொல்வான். எனக்கோ இடது பக்கமே கிடையாது. "உங்களுக்கு அந்தக் கவலை மிச்சம்" என்று டாக்டர் சிரித்தார். நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூன்று மாதம் கழித்து 3.1 கோடி. அப்போதைய அளவுகோல் 2 கோடி. பிறகு 2010-இல் அதை 1.5 கோடியாகக் குறைத்தார்கள், 2021-இல் 1.6 கோடி என்று திருத்தினார்கள். என் மகன் 2011-இல் பிறந்தான். பிறந்த மூன்றாம் நாள் அப்பத்தா, 90 வயது, கால் நீட்டிக் குழந்தையைக் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றி, திருப்பிப் போட்டு, தடவிப் பார்த்து, "ரெண்டும் எறங்கிருக்கு" என்றாள். நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு ஒன்றோ இரண்டோ இறங்காமல் இருக்கும். அவர்களில் பலருக்குச் சில மாதத்தில் தானே இறங்கிவிடும். இல்லாவிட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் இறக்கித் தைத்துவிட வேண்டும், விட்டால் பிற்பாடு குழந்தைப்பேறும் பாதிக்கும், புற்றுநோய் ஆபத்தும் கூடும். அப்பத்தாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அப்பத்தாவின் கை தாண்டிய கயிற்றை டாக்டரின் கை தாண்டவில்லை. இது அநியாயமான ஒப்பீடு என்று தெரிந்தே எழுதுகிறேன்.

*

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். வேட்டியை எப்போதும் முன்பக்கம் தளர்த்தி, ஒரு கையால் தாங்கியபடி நடப்பார். அவருக்கு ஓதம். விரைவீக்கம், அண்டவாயு என்றும் சொல்வார்கள். மருத்துவத்தில் ஹைட்ரோசீல். விரையைச் சுற்றியுள்ள இரட்டை உறைக்குள் நீர் கோத்துக்கொள்வது. அவருக்கு யானைக்கால் நோய்க் கிருமியால் வந்தது, கியூலெக்ஸ் கொசு பரப்புவது. கால் வீங்கியவர்களைத்தான் நாம் யானைக்கால் நோயாளிகள் என்று நினைக்கிறோம். உலகக் கணக்கில் பார்த்தால் விரை வீங்கிய ஆண்கள் இரண்டரைக் கோடிப் பேர் என்றும், கைகால் வீங்கியவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர் என்றும் சொல்கிறார்கள். கால் வெளியே தெரிகிறது, இது வேட்டிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். ஹைட்ரோசீல் ஆபரேஷன் பெரிய ஆபரேஷனே இல்லை. அவர் அதைச் செய்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். சின்னப் பையன்களாக நாங்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

சொல்லாமல் வைத்திருப்பதைத் தொழிலாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. மாதத்துக்கு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள். "சிறு வயதுத் தவறுகளால்" என்று ஆரம்பிக்கும் நோட்டீஸை டவுன் கழிப்பறைகளில் பார்த்திருப்பீர்கள். நானும் காலேஜில் படிக்கும்போது ஒருமுறை போய், ஒரு மாதச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்து லேகியம் வாங்கித் தின்றிருக்கிறேன். ஒன்று போனது என் கைப்பழக்கத்துக்குக் கிடைத்த தண்டனை என்று அவர் சொன்னதை நம்பினேன். விந்து போனால் ரத்தம் போன மாதிரி என்ற பயம் எவ்வளவு பரவலானது என்றால், 1960-இல் என். என். விக் என்ற இந்திய மனநல மருத்துவர் அதற்கு தாது நோய்க்குறி என்றே பெயர் வைத்தார். விந்தில் மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பையிலிருந்தும், மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட்டிலிருந்தும் வரும் நீர்தான். விரையிலிருந்து வரும் அணுக்களின் பங்கு நூற்றில் ஒன்றிரண்டு. ரத்தம் எங்கேயும் இல்லை. லேகியத்தில் நல்ல நெய் இருந்தது, அதை மறுக்க முடியாது.

*

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், 74 வயதில், அப்பாவுக்கு நீர் பிரியாமல் போனது.

இரண்டு மூன்று வருஷமாகவே ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார். கேட்டதற்கு "வயசாச்சுல்ல" என்றிருக்கிறார். அந்த வாரம் சளி பிடித்து, மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். மூக்கடைப்பைத் திறக்கும் சில மருந்துகள், புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு மூத்திரப்பையின் வாயை இறுக்கிவிடும். மூக்குத் திறந்தது, கீழே மூடிக்கொண்டது. அம்மா சூடு பிடித்திருக்கிறது என்று கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் தடவியிருக்கிறாள். ராத்திரி முழுக்கப் பொறுத்து, விடிந்ததும் எனக்குப் போன் வந்தது.

"அப்பாவுக்கு வயிறு வலிக்குதாம்டா."

எனக்கு உடம்பு ஒரு நிமிஷம் சில்லிட்டுவிட்டது. "போனை அப்பாகிட்டக் குடு" என்றேன். "ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று நேராகக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நேத்து மத்தியானம் போனது" என்றார்.

டியூப் போட்டதும் 900 மில்லி வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் எந்தத் தீபாவளிக்கும் பார்த்ததில்லை.

புராஸ்டேட் என்ற கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் நிற்பவன் என்று பொருள். அப்படியே தமிழாக்கி முன்னிற்குஞ்சுரப்பி என்றும் சொல்வதுண்டு. மூத்திரப்பைக்கு வாசலில் நிற்கும் இது, வாலிபத்தில் 20 கிராம், ஒரு நெல்லிக்காய் அளவு. மூத்திரக் குழாய் அதன் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு அது பெருக்க ஆரம்பிக்கும், எண்பதில் அநேகமாக எல்லோருக்கும். சாதாரண வீக்கம் குழாயை ஒட்டிய உள்பகுதியில் வருகிறது, அதனால் சீக்கிரமே நீரை மறிக்கிறது. புற்றுநோயோ பெரும்பாலும் வெளிப்புறத் தோடு போன்ற பகுதியில், மலக்குடல் பக்கமாக வருகிறது. அதனால் ஆரம்பத்தில் தொந்தரவே கொடுக்காது, ஆனால் விரலுக்குத் தட்டுப்படும். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்கச் சொன்னபோது அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும், "மாட்டுக்குச் சினை பாக்குற மாதிரில்ல பாக்குறான்" என்றார். முப்பது வருஷத்தில் அப்பா என்னிடம் அந்த வட்டாரத்தைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம் அது.

புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை உடனே எடுக்கவில்லை. நீர் அடைத்து டியூப் போட்ட நேரத்தில் அந்த எண் தானாகவே ஏறியிருக்கும், வீணாகப் பயந்து சாவோம். சில வாரம் கழித்து எடுத்ததில் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை கொடுத்து டியூபை எடுத்துப் பார்த்தார்கள், மறுபடியும் அடைத்தது. அதனால் டி.யூ.ஆர்.பி. செய்வதென்று முடிவாயிற்று. வெளியே கத்தி படாமல், மூத்திர வழியாகவே கருவியை விட்டு, வீங்கிய சதையைச் சீவிச் சீவி எடுப்பது. அப்பாவுக்கு டாக்டர் ஆங்கிலத்தில் பாதி, தமிழில் பாதியாக விளக்கினார். அப்பா என்னிடம் திரும்பி, "மடையில தூர் வார்ற மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். டாக்டரும் ஆமாம் என்றார். இனி அவர் மற்ற நோயாளிகளுக்கும் அதையே சொல்லக்கூடும்.

என் மகனும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். அவனுக்கு 12 வயது. அவனிடம் நான் எல்லாவற்றையும் பத்து வயதிலேயே, பைக்கில் போகும்போது சொல்லியிருக்கிறேன். பைக் நல்ல இடம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. விரை வலித்தால் விரை வலிக்கிறது என்று சொல், எத்தனை மணி ஆனாலும் எழுப்பு என்றேன். வலிக்காத கட்டி தட்டுப்பட்டாலும் சொல், அது வாலிபர்களுக்கு வரும் புற்றுநோயாக இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் அநேகமாக முழுதாகக் குணமாகும் என்றேன். பின்னாலிருந்து, "சரிப்பா, கேக்குது, கத்தாத, சிக்னல்ல எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

ஆபரேஷன் முடிந்த ராத்திரி நான்தான் அப்பா பக்கத்தில் இருந்தேன். பாட்டிலிலிருந்து தண்ணீர் உள்ளே போய், இளஞ்சிவப்பாகப் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன்.

"டேய்."

"என்னப்பா?"

"அன்னைக்கு ராத்திரி, மொதல்ல வயித்துலதான வலிச்சுச்சு?"

எந்த ராத்திரி என்று நான் கேட்கவில்லை.

"இல்லப்பா. காய்லதான்."

பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். ரொம்ப நேரம் கழித்து, "அம்மாவுக்குப் போனைப் போடு" என்றார். "கன்னுக்குட்டிய அவுத்து உள்ள கட்டியாச்சான்னு கேளு. பனி எறங்குது."